இரண்டரைச் சுற்று

என் மனைவி ரொபியா எனக்குக் கெடு வைத்தபோது படகின் ஏணியில் பாதி இறங்கியிருந்தாள். தோளில் துண்டு, கையில் பட்டறைக் கழிவறையின் சாவி. அந்தச் சாவியை யாரும் மறந்துபோய்ச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஒரு பழைய நங்கூர வளையத்தில் கட்டியிருந்தார்கள். ஒன்றரைக் கிலோவாவது இருக்கும்.

"இந்தப் பௌர்ணமி ஏத்தத்துல படகு தண்ணியில இறங்கணும், அபாங். இறங்கலன்னா நான் ஜித்ராவுக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போறேன். நீங்க வரலாம், வராம இருக்கலாம். படகு வரக் கூடாது."

அபாங் என்றால் மலாயில் அண்ணன், புருஷனுக்கும் அதே பெயர்தான். சொல்லிவிட்டு மீதிப் படிகளை இறங்கிப் போய்விட்டாள். என் பதிலுக்காக நிற்கவில்லை. அவளுக்கு அவசரம்.

இரண்டு வாரம் என்று சொல்லித்தான் எங்கள் படகு ஸெரோஜாவைக் கரையேற்றினேன். ஏழு மாதம் ஆகியிருந்தது. கோலா பாயா படகுப் பட்டறையில் எல்லாப் படகும் இரண்டு வாரத்துக்குத்தான் ஏறும். எங்களுக்குப் பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரரின் இரண்டு வாரம் நான்காவது வருடத்தில் இருந்தது. அவர் படகின் நிழலில் கத்தரிச்செடி போட்டுக் காய் பறித்துக்கொண்டிருந்தார்.

கரையில் முட்டுக்கொடுத்து நிறுத்திய படகில் குடியிருக்கலாம், சமைக்கலாம், சண்டை போடலாம். கழிவறையை மட்டும் பயன்படுத்த முடியாது. கீழே கடல் இல்லை, சிமெண்டுத் தரைதான் இருக்கிறது. ஆகவே ஏணியில் பதினோரு படி, அங்கிருந்து நூற்று எண்பத்து நான்கு தப்படி. எண்ணியவள் ரொபியா. முப்பத்தோரு வருடம் அரசு ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டராக இருந்தவள். எண்ணுவது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி. நாடி, சொட்டு மருந்து, மாத்திரை, புருஷன் சொன்ன பொய் எல்லாமே அவளிடம் கணக்கில் இருக்கும்.

நான் அளப்பவன். பொதுப்பணித் துறையில் சாலை அளந்து ஓய்வு பெற்றவன். மலேசியாவில், கெடா மாநிலத்தின் வடக்குப் பக்கத்தில் நீங்கள் எந்த வளைவில் வண்டியைத் திருப்பினாலும் அதில் என் பென்சில் கோடு இருக்கும். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் அவள் எண்ணியதும் நான் அளந்ததும் ஒருமுறைகூட ஒத்துப்போனதில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசுவதும் இல்லை. எங்கள் வீட்டில் மௌனம் ஒரு மூன்றாவது ஆள் மாதிரி. அதுவும் சேர்ந்துதான் சாப்பிடும்.

பாக்கியிருந்தது ஒரே வேலை, வால்வுகள். ஒரு படகின் வயிற்றில் மனிதன் தானாகவே விரும்பிப் போட்டுக்கொள்ளும் ஓட்டைகள் உண்டு. ஸெரோஜாவில் நான்கு. இரண்டு சின்னவை: எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் எடுப்பது ஒன்று, கழிவறைக்குத் தண்ணீர் எடுப்பது ஒன்று. இரண்டு பெரியவை: மேல்தளத்து மழைநீர் போவது ஒன்று. இன்னொன்றில் என்ன போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு ஓட்டையிலும் வெளியிலிருந்து உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு வெண்கலக் கழுத்து. கழுத்தின் மரையில், அதாவது திருகுப் புரியில், ஏற்றிய வால்வு. வால்வின் மேல் ரப்பர்க் குழாய். இந்த மூன்றில் எது விட்டாலும் படகு மூழ்கும். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தால் உங்களோடு மூழ்கும்.

பழைய வால்வுகளில் ஒன்றின் கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது. உடைந்த இடம் மலிவான சாஸேஜ் மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தது. யாரோ வெண்கலத்துக்குப் பதில் பித்தளை போட்டு ஏமாற்றியிருக்கிறார்கள். உப்புத் தண்ணீர் அதன் உயிரை உறிஞ்சிவிட்டது. நான்கு வால்வுகளையும் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். கழுத்துகளைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். கோயில் மணி மாதிரி கணீரென்றன. அவை இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

பிறகு வெர்னியர் அளவுகோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த ஊரில் வால்வு வாங்கப் போகிறவர்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து, "இவ்ளோ" என்பார்கள். கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் விரல் சுருங்கிவிடும். நான் அப்படிப்பட்டவன் இல்லை. வரைபடம் போட்டேன். மேலிருந்து ஒரு தோற்றம், பக்கத்திலிருந்து ஒன்று, குறுக்குவெட்டு ஒன்று. வெளிவிட்டம், உள்விட்டம், கழுத்தின் நீளம், எல்லாம் அரை மில்லிமீட்டர் சுத்தமாக. மூலையில் கட்டம் கட்டித் தேதியும் என் கையெழுத்தும்.

பட்டறை வாசலில் சாமான் கடை வைத்திருக்கும் தியோ அந்தப் படத்தை இரண்டு கையாலும் வாங்கினான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நாப்பத்தெட்டு மில்லிமீட்டர்னு உலகத்துல வால்வே கிடையாது, பாங் கமருல். இதுக்குப் பேரு ஒன்றரை இஞ்சு" என்றான்.

அந்தக் கழுத்தின் வெளியே எந்தப் பக்கம் அளந்தாலும் ஒன்றரை வரவில்லையே என்றேன்.

"என் மச்சான் பேருக்கு வீரன்னு அர்த்தம். பல்லியப் பாத்தா கட்டில் மேல ஏறிடுவான். பேரு வேற, அளவு வேற. சரி, இது எந்த ஊரு மரை?"

"குழாய்க்கு எதுக்கு தியோ பாஸ்போர்ட்டு?"

தியோ சிரித்தான். இருந்தாலும் பழைய வால்வு ஒன்றைக் கொண்டுவந்து காட்டச் சொன்னான். கொண்டுபோகவில்லை. கையில் படம் வைத்திருப்பவன் துருப்பிடித்த சாமானைப் பையில் போட்டுக்கொண்டு அலைவது எனக்குக் கேவலமாகப் பட்டது. சின்னது இரண்டு, பெரியது இரண்டு, எல்லாம் நல்ல வெண்கலம், வாங்கிக்கொண்டு வந்தேன். தியோ என் படத்தைக் கேட்டு வாங்கிச் சுவரில் ஒட்டிக்கொண்டான்.

எங்கள் பட்டறையில் வால்வு மாட்டும்போது சுற்றை வாய்விட்டு எண்ணுவது வழக்கம். படகின் அடிவயிற்றில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, பார்க்க முடியாத இடத்தில் கைவிட்டுத் திருகுகிறவனுக்கு வேறு கணக்கு இல்லை. கீழே போகிறவர்கள்கூட நின்று சேர்ந்து எண்ணிவிட்டுப் போவார்கள். முதல் சின்ன வால்வு வழுக்கிக்கொண்டு ஏறியது. எட்டுச் சுற்று. இரண்டாவதும் எட்டு. என் படத்தின் மேல் எனக்கே மரியாதை வந்தது.

பெரியது இரண்டரைச் சுற்றில் நின்றது. நீளமான ஸ்பேனரைப் போட்டு இழுத்தேன். அசையவில்லை. பிடிப்பு என்றால் இதுதான் பிடிப்பு என்று தோன்றியது. அரை மில்லிமீட்டர் சுத்தமாக அளந்தால் இப்படித்தான் கவ்வும். அடுத்ததும் இரண்டரை. திருப்தியாக வெளியே வந்து கை கழுவினேன். சே மாட்டிடம் போய் வியாழக்கிழமைக்குப் பெயர் கொடுத்தேன்.

சே மாட்தான் பட்டறையின் தூக்கிவண்டியை ஓட்டுகிறவர். படகின் வயிற்றுக்கடியில் இரண்டு பட்டைகளைப் போட்டுத் தூக்கி, ஆற்றோரத்து இறங்குதுறையில் இறக்குவார். ஸெரோஜாவின் அடிக்கட்டை ஆழமானது. பௌர்ணமி, அமாவாசைக் கடலேற்றத்தின்போது சில நாள்தான் அவளுக்குப் போதுமான தண்ணீர் அந்த ஆற்றில் வரும். பௌர்ணமி செவ்வாய்க்கிழமை. தண்ணீர் மிக உயரமாக வருவது வியாழன், பதினொன்று நாற்பதுக்கு.

செவ்வாய்க்கிழமை காலை நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே ரொபியா சொன்னாள்: "சின்னது எட்டு, எட்டு. பெரியது ரெண்டரை, ரெண்டரை."

நான் வேலை செய்தபோது மேலே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள். அவளுக்கு இறுக்கம் என்றால் என்ன, இடைவெளி என்றால் என்ன என்று பொறுமையாக விளக்கினேன். ஒரு பாலத்தின் உதாரணம்கூடச் சொன்னேன். அவள் வேர்க்கடலையை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றாள். "பெரிய ஊசிதான் ஆழமாப் போகும், நான் பாத்த வரைக்கும்" என்றாள். அதற்கப்புறம் மூன்றாவது ஆள் வந்து எங்களோடு உட்கார்ந்துகொண்டது.

அவள் சாவியோடு இறங்கிப் போனதும் நான் உள்ளே போனேன். கழிவறையின் பெரிய வால்வின் கைப்பிடியைத் திறந்து மூடினேன். மூன்றாவது தடவை கைப்பிடி நகரவில்லை, வால்வே நகர்ந்தது. கொஞ்சம்தான். ஆடும் பல்லை நாக்கால் தொடுவது மாதிரி இருந்தது. மறுபடியும் தொட்டேன். மறுபடியும் ஆடியது.

அந்த இருட்டில் எவ்வளவு நேரம் குந்தியிருந்தேன் என்று தெரியாது. தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில் பலகை. பலகைக்கு மேல் மெத்தை. ரொபியா படுக்கிற பக்கம். படுக்கையைத் தேர்ந்தெடுத்தபோது கழிவறைக்குப் பக்கத்தில் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தாள்.

குப்பைத் தொட்டிக்குள் இறங்கிப் பழைய வால்வைத் தேடியெடுத்ததை நான்கைந்து பேர் பார்த்தார்கள். ஜெர்மன்காரர் ஒரு கத்தரிக்காயை நீட்டினார். எனக்குப் பசி என்று நினைத்திருக்க வேண்டும்.

தியோ மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன இரும்புச் சீப்பை எடுத்தான். மரையை எண்ணும் சீப்பு. பல்லை மரையில் பொருத்தி வெளிச்சத்தில் பிடித்தான். ஒன்று பொருந்தவில்லை, இன்னொன்று உட்கார்ந்தது.

அவன் சொன்னதின் சுருக்கம் இது. ஸெரோஜா தைவானில் அமெரிக்கர்களுக்காகக் கட்டிய படகு. அவள் மரை அமெரிக்க மரை, அங்குலத்துக்குப் பதினொன்றரை. இந்த நாட்டில் கடைக்குக் கடை விற்பது பிரிட்டிஷ் மரை, அங்குலத்துக்குப் பதினொன்று. விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதல் இரண்டு சுற்று நண்பர்கள் மாதிரி போவார்கள். மூன்றாவது சுற்றில் ஒருவரை ஒருவர் கடித்துக்கொள்வார்கள். சின்ன அளவில் இரண்டு நாட்டுக்கும் பதினாலு. அங்கே சண்டை இல்லை.

"வெள்ளைக்காரன் கொடிய இறக்கி மடிச்சி எடுத்துக்கிட்டுப் போயிட்டான். மரைய மறந்து வச்சிட்டுப் போயிட்டான்" என்றான் தியோ.

நான் சுவரைப் பார்த்தேன். மீன்பிடி நாட்காட்டிக்குப் பக்கத்தில் என் படம். வெளிவிட்டம், உள்விட்டம், நீளம், தேதி, கையெழுத்து. மரை எத்தனை என்பதைத் தவிர எல்லாம் அதில் இருந்தது. மரையைக் கோடு கோடாக அழகாக வரைந்து நிழல்கூடப் போட்டிருந்தேன். எண்ணவில்லை. எண்ணுவது என் வேலை என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அமெரிக்க மரை வால்வு வர எத்தனை நாள் என்று கேட்டேன். ஒரு மாதம். கழுத்தையே அறுத்தெடுத்துவிட்டு பிரிட்டிஷ் கழுத்து போட்டால்? அது கடையிலேயே இருக்கிறது, ஓட்டையும் ஏறக்குறைய அதே அளவுதான், ஆனால் பசை காய்ந்து இறுக நாலு நாள் விட வேண்டும். செவ்வாயோடு நாலைக் கூட்டினால் வியாழன் வராது. அது எனக்குப் படம் போடாமலே தெரிந்தது.

தியோ குரலைத் தாழ்த்தினான். "இருக்கறதுலயே பசையக் கொழச்சி அப்பி விட்டா நிக்கும், பாங். இந்தப் பட்டறையில பாதிப் படகு அப்படித்தான் மிதக்குது. பொண்டாட்டிக்குத் தெரியவா போகுது?"

"எத்தன நாள் நிக்கும்?"

"பத்து வருஷம் நிக்கலாம். பத்து நிமிஷம் நிக்கலாம். நான் கடைக்காரன். சோசியக்காரன் இல்ல."

கடைக்கும் படகுக்கும் நடுவே ஒரு பழைய எஞ்சின் பெட்டி கிடக்கும். அதில் உட்கார்ந்தேன். பசை பூசினால் வியாழக்கிழமை மிதப்போம், அவள் இருப்பாள். பத்து வருடம் நின்றால் எனக்கு எழுபத்தொன்று. அதற்குள் எனக்கே எந்த வால்வு எப்போது விடும் என்று யாருக்குத் தெரியும். சொன்னால் ஜித்ரா. தங்கையின் வீட்டுக் குளியலறையில் நீலநிற ஓடு பதித்திருக்கிறார்கள், வெந்நீர் வரும், ரொபியா அதைப் பற்றிப் பேசும்போது குரலே மாறும். நான் பசையின் பக்கமே சாய்ந்துகொண்டிருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். நியாயம் எதுவும் என்னைத் தடுக்கவில்லை. அந்த மெத்தையின் பக்கத்தில் படுத்துக்கொண்டு, கீழே இரண்டரைச் சுற்று இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆளாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமே என்ற நினைப்புதான் தடுத்தது. பேசாமல் இருப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு. ஆனால் இதுவரை நான் பேசாமல் இருந்ததெல்லாம் பேசினாலும் நட்டமில்லாத விஷயங்கள்.

பட்டறைப் பொதுச் சமையல் கொட்டகையில் அவள் கெம்போங் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்றேன். எண்ணெய் தெறித்தது. நகரவில்லை.

"பெரிய வால்வு ரெண்டும் தப்பு மரை. நான் எண்ணல" என்றேன். "கழுத்தோட மாத்தணும். வியாழக்கிழமை முடியாது."

அவள் மீனைத் திருப்பிப் போட்டாள். இன்னொன்றையும் திருப்பினாள். மூன்றாவதன் வால் உடைந்தது. அதைத் தனியாக எடுத்து வைத்தாள். அவள் பயணப் பையை எங்கே வைத்திருக்கிறாள் என்று யோசித்தேன். சுக்கானுக்குக் கீழே, வலது பக்கம். நான்தான் அங்கே வைத்தேன்.

"நான் வியாழக்கிழமைன்னு எப்ப சொன்னேன்?" என்றாள். "பௌர்ணமி ஏத்தம்னு சொன்னேன். ஏத்தம் என்னைக்கி முடியுது?"

ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் தண்ணீர் பத்தாது என்று சே மாட் சொல்லியிருந்தார். ஞாயிறே சந்தேகம்தான்.

"அப்ப ஞாயித்துக்கெழம வரைக்கும் இருக்கேன். படம் மட்டும் வரையாதீங்க."

அன்று பிற்பகலே தொடங்கினோம். வெளியிலிருந்து அரைவைச் சக்கரத்தால் கழுத்தின் தலையைச் சீவி, உள்ளே தட்டிவிட்டேன். இரண்டு கழுத்தும் மணி மாதிரி ஒலித்துக்கொண்டே விழுந்தன. ஒரு குறையும் இல்லாத நல்ல வெண்கலம். ஓட்டை வழியே பார்த்தால் எதிரே ரொபியாவின் கண் தெரிந்தது. இந்த வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும்: வெளியே ஒருவர் கழுத்து சுழலாமல் பிடிக்க வேண்டும், உள்ளே ஒருவர் திருக வேண்டும். ஏழு மாதத்தில் ஒருமுறையும் அவள் படகின் அடிவயிற்றுக்குள் இறங்கியதில்லை. அங்கே நாற்றம் என்பாள். இப்போது ஆஸ்பத்திரிக் கையுறை போட்டுக்கொண்டு இறங்கினாள். பசை பூசாமல் முதலில் ஒத்திகை பார்க்கச் சொன்னதும் அவள்தான்.

நான் வெளியே ஸ்பேனரைப் பிடித்தபடி படகின் தோலில் காதை வைத்திருந்தேன். உள்ளேயிருந்து அவள் குரல், வார்டில் நாடி எண்ணுகிற குரல். மூன்று. நான்கு. அங்கே மூச்சைப் பிடித்தேன். ஐந்து. சே மாட் கீழே போனவர் நின்றார். ஆறிலிருந்து அவரும் சேர்ந்துகொண்டார். ஒன்பதில் நின்றது.

"ஒம்போது" என்றாள் உள்ளேயிருந்து. "இறுக்கம்னா இது. பாலம் பத்தி இனிமே பேச வேணாம்."

பசை பூசி இரண்டையும் மாட்டி, காய நாலு நாள் விட்டு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு ஸெரோஜாவைத் தூக்கினார்கள். அதற்கு முன்பே ரொபியாவின் பை சுக்கானுக்குக் கீழேயிருந்து வெளியே வந்து, மெத்தை மேல், ஜிப் போட்டு நின்றது. சே மாட் துறையின் அளவுக்கம்பத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அடியில் ஒரு சாண் இருக்கும், இல்லாமலும் போகலாம் என்றார். ஆற்று வளைவில் போன மழைக்கு மண் சேர்ந்திருக்கிறதாம்.

படகு தண்ணீரைத் தொட்டதும் பட்டையைக் கழற்ற மாட்டார்கள். பத்து நிமிடம் தொட்டிலில் பிள்ளை மாதிரி தொங்க விடுவார்கள். உள்ளே போய் எல்லா ஓட்டையையும் பார்த்துவிட்டு வந்து கட்டைவிரலைக் காட்ட வேண்டும். நான் டார்ச் பிடித்தேன். ரொபியா ஒவ்வொரு கழுத்தைச் சுற்றியும் கழிவறைக் காகிதத்தைக் கிழித்து ஒட்டினாள். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தையும் அது காட்டிக்கொடுக்குமாம். பத்து நிமிடம் நான்கு காகிதங்களையும் பார்த்துக்கொண்டிருந்தோம். நான்கும் உலர்ந்தே இருந்தன. அவளே மேலே போய்க் கட்டைவிரலைக் காட்டினாள்.

பட்டைகள் விலகின. எஞ்சின் பிடித்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு காலுக்குக் கீழே தரை ஆடியது. துறையை விட்டு வந்தோம். முப்பது மீட்டர் போயிருப்போம். வளைவில் ஸெரோஜா ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி மெதுவாகி, முகத்தைக் கொஞ்சம் தூக்கி, நின்றாள். பின்னால் சேறு காப்பி மாதிரி கொப்பளித்தது. முன்னே போட்டேன், பின்னே போட்டேன். குட்டையில் படுத்துவிட்ட எருமை மாதிரி அசைய மறுத்தாள்.

சே மாட் கரையோரமாக நடந்து வந்தார். அவசரப்படவில்லை. எஞ்சினை நிறுத்தச் சொன்னார். "சேறு மெத்த மாதிரி, பாங் கமருல். சாயாது, நேரா நிக்கும். பன்னண்டு நாள்ல அமாவாச ஏத்தம், தானா மிதக்கும்." பிறகு குரலை மாற்றாமல், "காக் ரொபியா போகணும்னா தோணி அனுப்பவா?" என்று கேட்டார். பட்டறை முழுக்கவே எங்கள் கெடு தெரிந்திருந்தது.

நான் ரொபியாவைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்தேன். தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது. எதிர்க்கரையின் கண்டல் வேர்களில் ஈரக்கோடு தெரிந்தது.

"படகு தண்ணியில இறங்கிச்சா?" என்றாள்.

"இறங்கிச்சு."

"இப்ப எதுல நிக்குது?"

"சேத்துல."

சே மாட் கரையில் பொறுமையாக ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். பிறகு அவள் எழுந்து உள்ளே போனாள். கழிவறைக் கதவு மூடியது. கொஞ்ச நேரம் கழித்துக் கைப்பம்பின் சத்தம் கேட்டது. ஒவ்வொரு இழுப்புக்கும் படகின் பக்கத்தில் ஆறு மெல்லக் களக் என்றது. என்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினாலு. சே மாட் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்டல் மரங்களைப் பார்த்தார்.

வெளியே வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். "போவுது" என்றாள்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "தண்ணி இருக்கற வரைக்கும்தான் போவும். ஏத்தத்துக்கு ஏத்தம் ஒரு ஆறு மணி நேரம். மத்த நேரம் சேறுதான்."

"ஏத்த நேரம் எழுதின தாள் எங்க?"

எடுத்துக் கொடுத்தேன். மேசையில் உட்கார்ந்து, பென்சிலால் பன்னிரண்டு நாளுக்கும் நேரம் குறித்தாள். கழிவறைக் கதவில் ஒட்டினாள். ஒவ்வொரு நாளுக்கும் எதிரே இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் அவள் பெயர், நல்ல ஆழமான நேரம். இரண்டாவது கட்டத்தில், தண்ணீர் வடியத் தொடங்கும் நேரத்துக்கு நேராக, என் பெயர்.

கரையில் சே மாட் தோணி வேண்டுமா வேண்டாமா என்று மறுபடியும் கேட்டார்.

"வேணும்" என்றாள் ரொபியா. மெத்தை மேலிருந்த பையின் ஜிப்பைத் திறந்துகொண்டே சொன்னாள்: "நாளைக்கி மத்தியானம் வரச் சொல்லுங்க. மீன் வாங்கணும்."